நெகட்டிவைக் குப்பையில் போடாதீங்க

மலையக மக்கள் என்று இணையத்தில் படம் தேடிப் பாருங்கள். தலையில் கயிறு, முதுகில் கூடை, கையில் கொழுந்து, வாயில் சிரிப்பு. நூறு படம் பார்த்தாலும் அதே பெண்தான். அவருடைய பெயர் இருக்காது. எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்றும் இருக்காது. தேயிலைப் பெட்டியில் ஒட்டவும் சுற்றுலாக்காரரைக் கூப்பிடவும் எடுத்த படத்துக்குப் பெயர் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

இது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. உலகப் புகைப்பட வரலாற்றில் பெரிய பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879இல் இங்கேயே இறந்தார். கல்லறை நம்ம பொகவந்தலாவையில், சென் மேரிஸ் தேவாலயத்தில் இருக்கு. இங்கே இருந்த காலத்தில் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களையும் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தார். 1877இல் அவரைப் பார்க்க வந்த ஆங்கிலேய ஓவியர் மரியான் நோர்த்தையும் படம் பிடித்தார். மரியான் நோர்த்தின் படங்கள் அவர் பெயரோடுதான் அருங்காட்சியகங்களில் இருக்கு. நம்ம ஆட்களின் படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரே கிடையாது. அதே கேமரா, அதே வெளிச்சம். ஒருவர் ஆள், மற்றவர் காட்சி.

வெள்ளைக்காரன் காலத்து நிர்வாகம் நம்மை எண்ணாகவும் வைத்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் கழுத்தில் தொங்கிய தகரத்துண்டில் எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதும் ஓர் இலக்கமும் இருந்தன. முகம் தேவைப்படவில்லை.

அப்படியென்றால் நம்ம முகம் எங்கே இருக்கு? ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை டவுன்களில் இருந்த ஸ்டூடியோக்களில் இருக்கு. சம்பள நாளுக்கு அடுத்த நாள், திருவிழா நாள், கல்யாணம் முடிந்த வாரம், பிள்ளைக்கு முதல் மொட்டை போட்ட கையோடு, இருக்கிற நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு நம்ம தாத்தாவும் அம்மாயியும் தாங்களாகவே நடந்து போய் நின்ற இடம் அது. தொரை நிறுத்தவில்லை, கங்காணி கூட்டிப் போகவில்லை. எப்படி நிற்பது, யாருக்குப் பக்கத்தில் நிற்பது, எந்தக் கையில் கடிகாரம் தெரியவேண்டும் என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்தார்கள். அந்தப் படங்களின் மூலம், அதாவது கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள், இன்றைக்கும் சில ஸ்டூடியோக்களின் பரணிலும், மூடிப்போன கடைகளின் பின்னறையிலும், சில வீடுகளின் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கின்றன.

என் வாதம் இவ்வளவுதான்: இந்த நெகட்டிவ்களை நாமே, இந்தப் பத்து வருடத்துக்குள், ஒழுங்கான முறையில் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர வேண்டும். அதை “பழைய படத்தை அழகாக்கும்” வேலையாகச் செய்யக்கூடாது, ஆவண வேலையாகச் செய்ய வேண்டும்.

படம் எடுக்க வேண்டி வந்த காலம்

நம்ம ஊர் ஸ்டூடியோக்களின் கதையைப் பிரஜாவுரிமைக் கதையிலிருந்து பிரிக்க முடியாது. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதினார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பங்கு போட்டார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பங்கு போட்டது தலைவர்கள், படம் எடுக்க ஓடியது நம்ம ஆட்கள். விண்ணப்பத்துக்குப் படம், பாஸ்போட்டுக்குப் படம். 1972க்குப் பிறகு தேசிய அடையாள அட்டை வந்தது, அதற்கும் படம். அடையாள அட்டைக்கு நெடுங்காலம் கறுப்பு வெள்ளைப் படம்தான். அதனால் உலகம் கலருக்குப் போன பிறகும் சின்ன டவுன் ஸ்டூடியோக்களில் கறுப்பு வெள்ளை உயிரோடு இருந்தது. தலைமன்னார் போகும் ரயிலுக்கு “அழுகைக் கோச்சி” என்று நம்ம சனம் பேர் வைத்தது சும்மா இல்லை. ஒரு அண்ணன் அங்கே, ஒரு தம்பி இங்கே. பிரியப் போகிறோம் என்று தெரிந்த குடும்பங்கள் கடைசியாக ஒருதரம் சேர்ந்து நின்ற இடமும் ஸ்டூடியோதான். 1984இல் ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பலும் நின்றது. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கும் இங்கே நின்றவர்களுக்கும் இடையில் பல குடும்பங்களில் மிஞ்சியது ஒரு கடிதமும் ஒரு படமும்.

இப்போது படத்தின் பிரிண்டுக்கும் நெகட்டிவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். விண்ணப்பத்தில் ஒட்டிய பிரிண்டில் தலையும் தோளும் மட்டும் இருக்கும். அது நெகட்டிவின் நடுவிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. நெகட்டிவில் முழுச் சட்டமும் இருக்கு: முக்காலி, பின்னால் தொங்கும் திரை, மடியில் வைத்திருக்கும் கை, ஓரத்தில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையின் பாதி முகம். அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது தலை. நமக்கு வேண்டியது மிச்சம்.

உகண்டாவின் குலு என்ற ஊரில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கே ஒரு ஸ்டூடியோவில் பெரிய பிரிண்டிலிருந்து அடையாள அட்டைக்கு வேண்டிய முகத்தை மட்டும் சதுரமாக வெட்டிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டார்கள். மார்த்தினா பச்சிகலூப்போ என்ற இத்தாலியப் புகைப்படக்காரர் அந்த மிச்சங்களைச் சேர்த்தார். முகம் இல்லாத உடம்புகள், இரவல் கோட்டு, மடியில் குழந்தை. உலகம் முழுக்க அது பேசப்பட்டது. நமக்கு முகமும் உடம்பும் சேர்ந்தே நெகட்டிவில் இருக்கு. நாம்தான் கண்டுகொள்ளாமல் இருக்கிறோம்.

ஏன் அவசரம்?

கறுப்பு வெள்ளை நெகட்டிவ் என்பது ஒரு பிளாஸ்டிக் தாளின் மேல் பூசிய ஜெலட்டின், அந்த ஜெலட்டினுக்குள் வெள்ளித் துகள். மூன்றுக்கும் நம்ம மலைக் காலநிலை எதிரி. ஜெலட்டின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது, பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. ஆறு மாதம் மழையும் பனியும் இருக்கிற ஊரில், கூரை ஒழுகும் பரணில் அது எத்தனை வருடம் தாங்கும்? அடித்தாளாக இருக்கிற அசற்றேட்டும் ஈரத்திலும் சூட்டிலும் சிதையும். பெட்டியைத் திறந்தவுடன் வினாகிரி வாடை வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அது நிற்காது, பக்கத்தில் இருக்கிற நெகட்டிவுக்கும் பரவும். மேலே நீலமாகக் கண்ணாடி போல மினுங்கினால் உள்ளே இருக்கிற வெள்ளி மேலே வருகிறது என்று பொருள்.

காலநிலை மட்டும் எதிரி இல்லை. 1983 ஜூலையில் மலையக டவுன்களில் தமிழரின் கடைகள் எரிந்தபோது கடைக்குள் இருந்த காகிதங்களும் எரிந்தன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனபோது உயிர்களோடு அந்த வீட்டுப் படங்களும் போயின. அந்த மாதிரிப் பேரிடர் எதுவும் இல்லாவிட்டாலும் கடை கைமாறும்போது புது முதலாளி முதலில் தூக்கிப் போடுவது பழைய நெகட்டிவ் பெட்டியைத்தான். வெள்ளி எடுப்பதற்காக நெகட்டிவை எடைக்கு வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

இதைத் தமிழ்நாட்டில் சிலர் நேரத்தோடு புரிந்துகொண்டார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த சோயி ஹெட்லி, ரமேஷ் குமார் ஆகியோர் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களையும் நெகட்டிவ்களையும் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கினார்கள். அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: மூலம் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. டிஜிட்டல் பிரதி மட்டும்தான் பயணம் செய்யும். நமக்கும் அடித்தளம் இல்லாமல் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் பண்ணி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கு. கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தின் லயனிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007இலிருந்து இருக்கு. குறைவது ஸ்டூடியோ பரணுக்கு ஏறுகிற இளைஞர்கள்தான்.

எப்படிச் செய்வது?

முதலில் ஒன்று. கொமியூனிகேசன் கடையில் இருக்கிற சாதாரண ஸ்கேனரில் நெகட்டிவை வைத்தால் கறுப்பாகத்தான் வரும். அது மேலிருந்து பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை வாசிக்கிறது. நெகட்டிவுக்கு ஊடுருவுகிற வெளிச்சம் வேண்டும். மூடியில் விளக்கு உள்ள ஸ்கேனர் ஒரு வழி. அது கிடைக்காவிட்டால், கல்யாண வீடியோ எடுக்கிற அண்ணன்மாரிடம் இருக்கிற டிஜிட்டல் கேமராவும் ஒரு மேக்ரோ லென்சும் ஒரு வெள்ளை எல்இடி பலகையும் போதும். கேமராவை நேர் கீழே பார்க்கும்படி ஸ்டாண்டில் பூட்டி, அறையை இருட்டாக்கி, நெகட்டிவைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் மறைத்து, ஐஎஸ்ஓவைக் குறைத்து, ரோ கோப்பாக எடுக்க வேண்டும். போன் கேமராவால் எடுப்பதையும் நான் கேலி பண்ண மாட்டேன். நாளைக்குக் குப்பைக்குப் போகும் பெட்டி என்றால் இன்றைக்குப் போனில் எடுங்கள். ஆனால் அதை வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள்.

கையுறை போடுங்கள், ஓரத்தைப் பிடியுங்கள். தூசியை ஊதுபந்தால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும், ஈரத்துணியால் துடைத்தால் ஜெலட்டின் கையோடு வரும். ஸ்கேனரில் தானாகத் தூசி நீக்கும் வசதி இருந்தால் அணைத்து வையுங்கள். அது அகச்சிவப்பு ஒளியால் வேலை செய்வது. கலர் பிலிமுக்குச் சரி. கறுப்பு வெள்ளையில் வெள்ளித் துகள் அந்த ஒளியை மறைப்பதால் படத்தையே தூசி என்று எண்ணி அழித்துவிடும்.

நம்ம ஸ்டூடியோக்களில் அதிகம் ஓடிய 120 பிலிமில் சதுரச் சட்டம் ஒரு பக்கம் 56 மில்லிமீற்றர். 2400 டிபிஐயில் எடுத்தால் ஏறத்தாழ 5,300க்கு 5,300 புள்ளி, அதாவது 2 கோடியே 80 லட்சம். 16 பிட் சாம்பல் நிறத்தில் டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஒரு படம் 56 எம்பி. ஆயிரம் நெகட்டிவுக்கு 56 ஜிபி. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் பதினேழாயிரம் முகம் அடங்கும். 16 பிட் எதற்கு என்று கேட்பார்கள். 8 பிட்டில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு 256 படிதான், 16 பிட்டில் 65,536 படி. நெகட்டிவைத் தலைகீழாக்கி வெளிச்சத்தை இழுக்கும்போது 8 பிட் கோப்பில் கன்னத்து நிழல் படிக்கட்டு மாதிரி உடையும்.

தலைகீழாக்குவதற்கு ஜிம்ப் போதும், காசு வேண்டாம். டார்க்டேபிளில் நெகட்டிவுக்கென்றே ‘நெகடாக்டர்’ என்று ஒரு பகுதி உண்டு. இரண்டும் இலவசம். ஸ்கேன் எடுக்கும்போது வெள்ளையும் கறுப்பும் இரண்டு முனையிலும் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு திருத்தலாம். இடவலம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிலிம் ஓரத்தில் கோடாக், இல்ஃபோர்ட் என்ற எழுத்து நேராக வாசிக்க வர வேண்டும். ஓரம் தேய்ந்திருந்தால் சேலையைப் பாருங்கள். வழமையாக இடது தோளில் விழும் முந்தானை எல்லாருக்கும் வலது தோளில் விழுந்தால் படம் புரண்டிருக்கு.

திருத்தம் என்ற பெயரில்

இங்கேதான் எனக்கும் பல நண்பர்களுக்கும் சண்டை. ஒரு பழைய படம் கிடைத்தவுடன் செயலியில் போட்டுக் கலர் ஏற்றி, முகத்தைத் “தெளிவாக்கி”, பேஸ்புக்கில் விடுகிறார்கள். லைக் வருது. ஆனால் அந்தச் செயலி தெளிவாக்குவது தாத்தாவின் முகத்தை இல்லை. மங்கிப்போன இடத்தில், தான் முன்பு பார்த்த இலட்சக்கணக்கான வேறு முகங்களை வைத்து ஒரு புதுக் கண்ணையும் புதுத் தோலையும் வரைகிறது. தோல் வெளுக்கும், மூக்கு கூர்மையாகும், மூக்குத்தி மறையும். கேமரன் பெயரை எழுதாமல் விட்டார். நாம் முகத்தையே மாற்றுகிறோம்.

நான் திருத்தமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கீறலை எடுக்கலாம், வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டலாம். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரரே நெகட்டிவின் மேல் பென்சிலால் டச்சிங் செய்து அம்மைத் தழும்பை மறைத்தவர்தான். அதுவும் வரலாறுதான், அந்தப் பென்சில் கோட்டை அழிக்கக்கூடாது. நான் கேட்பது ஒரு எளிய ஒழுங்கு: முழுச் சட்டத்தையும் ஓரத்தோடு எடுத்த மூலக் கோப்பு ஒன்று, யாரும் கை வைக்காமல் இருக்க வேண்டும். திருத்துவது பிரதியில். கலர் ஏற்றினால் ஏற்றியது என்று படத்திலேயே எழுத வேண்டும். மூலக் கோப்புக்குக் குறைந்தது மூன்று பிரதி, அதில் ஒன்று வேறொரு ஊரில். ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவைத் தூக்கிப் போடாமல் காகித உறையில் போட்டு, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் பத்து வருடம் ஓடினால் பெரிய விஷயம். நெகட்டிவ் ஐம்பது வருடம் பரணில் கிடந்தும் இன்னும் கதை சொல்லுது.

அதைவிட முக்கியம் பெயர். நெகட்டிவ் ஓரத்தில் மையால் எழுதிய எண் இருந்தால் ஸ்டூடியோவின் பழைய கொப்பியைக் கேளுங்கள். கொப்பி இல்லையென்றால் படத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். 1964இல் இருபது வயதில் கேமரா முன்னால் நின்றவருக்கு இன்றைக்கு எண்பது தாண்டிவிட்டது. “இது மேல் டிவிசன் ரெண்டாம் நம்பர் லயத்து ஆளு, இவரு தப்பு அடிப்பாரு, காமன் கூத்துல ரதி வேசம் கட்டுவாரு” என்று சொல்ல அவரால்தான் முடியும். அவர் போன பிறகு எத்தனை ஆயிரம் டிபிஐயில் ஸ்கேன் பண்ணியும் அந்தத் தகவல் வராது. பெயர், தோட்டம், டிவிசன், ஆண்டு, யார் சொன்னது என்று ஐந்து வரி. அதைக் கோப்போடு சேர்த்து எழுதுங்கள்.

அனுமதியும் வேண்டும். படத்தில் இருப்பவர் நம்ம ஊர்க்காரர் என்பதற்காக அவர் படம் நம்ம சொத்து ஆகிவிடாது. பெண் பார்க்க எடுத்த படம், விட்டுப் போன கணவனோடு எடுத்த படம், செத்த பிள்ளையை மடியில் வைத்து எடுத்த படம் எல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கலாம். குடும்பத்துக்கு ஒரு பிரிண்ட் முதலில். அவர்கள் சரி என்றால் பொதுவில். வேண்டாம் என்றால் பூட்டிய கோப்பில். ஸ்டூடியோக்காரருக்கும் உரிய மரியாதையும் அவர் பெயரும் போக வேண்டும். தலைமுறையாக அந்தப் பெட்டிகளைக் காப்பாற்றியது அவர்தான்.

“தம்பி, சம்பளத்துக்கே சண்டை பிடிச்சிட்டு இருக்கோம், காணி இல்ல, வீடு இல்ல, இப்ப படம்தான் கொறச்சலா?” இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். நியாயமான கேள்வி. ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்கே 2021 வரை இழுத்தடித்தார்கள் என்பதை யாரும் மறக்கவில்லை. ஆனால் காணி கேட்கும்போது எதிரில் இருப்பவர் கேட்பது என்ன? எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறீர்கள், எங்கே அத்தாட்சி? 2023இல் இருநூறு வருடத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். அந்த இருநூறு வருடத்தில் நம்மிடம் எத்தனை படம் இருக்கு, நாமே எடுத்துக்கொண்டது? தன் பாட்டியின் முகத்தைக் கூடைக்காரி விளம்பரத்தில் மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்கு, உரிமை கேட்கும் குரல் எங்கிருந்து வரும்?

ஆகவே பெரிய திட்டம், வெளிநாட்டுக் காசு, அமைச்சரின் திறப்பு விழா என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் டவுனில் இருக்கிற மிகப் பழைய ஸ்டூடியோ எது என்று இந்த வாரம் கேளுங்கள். ஐந்து பேர் சேருங்கள், ஒருவரிடம் கேமரா, ஒருவரிடம் லெப்டொப், ஒருவருக்குப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுகிற பொறுமை. முதல் மாதம் ஒரே ஒரு பெட்டி, நூறு நெகட்டிவ். அதில் பத்துப் பேருக்குப் பெயர் கிடைத்தாலும் போதும், இத்தனை காலமும் பெயரில்லாமல் கிடந்த பத்துப் பேர் அவர்கள்.